ஒரு லென்ஸா, பல லென்ஸா? கமெரா மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த்திருவிழாவுக்குப் போனவர்கள் அங்கே இரண்டு வகையான படம்பிடிப்பவர்களைக் கண்டிருப்பார்கள். ஒருவருக்கு முதுகில் ஒரு பை, தோளில் இன்னொரு பை, கழுத்தில் பெரிய கமெரா. வடம் அசையத் தொடங்கும் நேரம் பார்த்து, குனிந்து பைக்குள் லென்ஸ் தேடிக்கொண்டிருப்பார். மற்றவரிடம் இருப்பது ஒரேயொரு கமெரா. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. நின்ற இடத்தில் நின்றபடி முழுத்தேரையும் எடுப்பார், அடுத்த கணம் தேரின் மேலிருக்கும் அம்பாளின் முகத்தையும் எடுப்பார். ஆனால் மாலையில் மண்டபத்துக்குள் அதே மனிதர் எடுக்கும் படங்கள் மங்கலாகவும் பொரிப்பொரியாகவும் இருக்கும். அங்கே பை தூக்கியவரின் படங்கள்தான் நன்றாக வரும்.

நான் இந்த இருவராகவும் இருந்திருக்கிறேன். முதலில் கழற்ற முடியாத சூம் லென்ஸ் கொண்ட கமெரா, பிறகு லென்ஸ் மாற்றும் கமெரா, பிறகு மீண்டும் பழைய வகைக்கு ஒரு திரும்பல். கொலோனிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒரு தம்பி வந்து, "அண்ணை, இருக்கிற கமெராவை வித்துட்டு மற்றதுக்குப் போகலாமோ?" என்று கேட்பார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இது வெறும் விளையாட்டுச் சாமான் பற்றிய கேள்வி அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிக்கிட்டு வந்தவர்களில் பலர் கையில் நாலைந்து படங்களோடுதான் வந்தோம். இடம்பெயர்வுகளில் வீட்டு அல்பங்கள் போயின. அம்மாவின் கல்யாணப் படம் இல்லாத குடும்பங்கள், தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எங்களுக்குள் ஏராளம். இங்கே நாங்கள் எடுக்கும் படங்களில் இருந்துதான் அந்த அல்பம் மறுபடி தொடங்குகிறது. எனவே எந்தக் கமெரா எந்த நேரத்தில் கைகொடுக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கமெரா உலகம் கூடிய நகரம்

கொலோனில் வாழ்பவர்களுக்கு இந்த விடயம் ஒருவகையில் ஊர்க்கதையும் கூட. டொய்ட்ஸ் கண்காட்சி மண்டபங்களில் 1950 இல் தொடங்கிய போட்டோகினா உலகின் மிகப்பெரிய ஒளிப்படக் கண்காட்சியாக வளர்ந்தது. பல காலம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. 1954 இல் லைக்கா எம்3 இங்கேதான் அறிமுகமானது. அதுவரை லைக்கா லென்ஸ்கள் திருகுச்சுரையில் பூட்டப்பட்டன. எம்3 இல் சிறிய ஒரு திருப்பலோடு லென்ஸைக் கழற்றி மாட்டலாம். லென்ஸ் மாற்ற எடுக்கும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை அன்றே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சூம் லென்ஸின் கதையிலும் ஜேர்மனிக்குப் பங்குண்டு. 35 மி.மீ. பிலிம் கமெராவுக்கான முதல் சூம் லென்ஸை 1959 இல் வெளியிட்டது பிரவுன்ஷ்வைக் நகரின் வோய்க்ட்லண்டர் நிறுவனம். சூமார் என்ற பெயர் கொண்ட அது 36 முதல் 82 மி.மீ. வரை மட்டுமே போகும். இன்றைய கணக்கில் இரண்டேகால் மடங்கு சூம். பிற்காலத்தில் டிஜிற்றல் யுகத்தில் இதே சூம் 83 மடங்கு, 125 மடங்கு என்று வளர்ந்து கமெராவின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சட்டைப்பைக் கமெராவுக்கும் பெரிய கமெராவுக்கும் இடைப்பட்டது என்பதால் இந்த வகையை "பிரிட்ஜ் கமெரா" என்கிறார்கள்.

2008 போட்டோகினாவில் இன்னொரு திருப்பம் வந்தது. பனசோனிக் ஜி1 என்ற கமெரா அங்கே காட்டப்பட்டது. உள்ளே கண்ணாடி இல்லாத, ஆனால் லென்ஸ் மாற்றக்கூடிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முதல் கமெரா அது. இன்று கடைகளில் காணும் மிரர்லெஸ் கமெராக்களின் வரிசைக்கு முன்னோடி. லென்ஸ் மாற்றும் கமெரா என்றால் செங்கல் போலக் கனக்கும் என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது.

பத்து ஆண்டுகளின் பின், 2018 இல், கடைசிப் போட்டோகினா நடந்தது. 2020 இன் இறுதியில் அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். காரணம் எங்கள் எல்லோரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. கைத்தொலைபேசி கமெராச் சந்தையின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. இந்த விடயத்துக்குப் பிறகு திரும்பி வருவேன். கமெரா மாற்றும் முடிவுக்கு அது மிகவும் முக்கியம்.

சென்சர் என்ற முற்றம்

இரண்டு வகைக் கமெராக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை லென்ஸ் கழருமா கழராதா என்பதோடு முடித்துவிடக்கூடாது. உள்ளே ஒளியை வாங்கும் சென்சரின் அளவுதான் முதல் வித்தியாசம். மழைநீர் சேர்க்க முற்றத்தில் பாத்திரம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் கூடுதலாகச் சேரும். சென்சரும் அப்படித்தான்.

மிக நீண்ட சூம் கொண்ட பிரிட்ஜ் கமெராக்களில் இருப்பது ஏறக்குறைய 6 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்ட சென்சர். சின்ன விரல் நகத்தை விடச் சிறியது. விலை கூடிய பிரிட்ஜ் கமெராக்களில் "1 அங்குல" வகை வரும். பெயர்தான் ஓர் அங்குலம், உண்மையான அளவு 13.2 க்கு 8.8 மி.மீ. முன்னதைப் போல் நான்கு மடங்கு பரப்பு. லென்ஸ் மாற்றும் கமெராக்களில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 க்கு 13 மி.மீ., ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 க்கு 15.6 மி.மீ., முழுச்சட்டம் எனப்படுவது 36 க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சரின் பரப்பு 1 அங்குல வகையைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். முழுச்சட்டம் ஏழு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் ஏன் ஒருவர் சிறிய சென்சரை விரும்பவேண்டும்? தூரத்துக்காக. சிறிய சென்சர் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. அதனால் குறுகிய லென்ஸே நீண்ட லென்ஸ் போல வேலை செய்கிறது. 2015 இல் வந்த நிக்கோன் பி900 கமெராவின் லென்ஸ் உண்மையில் 357 மி.மீ. வரைதான் நீள்கிறது. ஆனால் முழுச்சட்டக் கமெராவில் 2000 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு அது காட்சியைக் கிட்டக் கொண்டுவரும். எடை 900 கிராம் அளவு. முழுச்சட்டத்துக்கு 2000 மி.மீ. லென்ஸ் ஒன்று செய்தால் அதைத் தூக்க ஆள் பிடிக்கவேண்டும். நிலாவின் பள்ளங்களை வீட்டு யன்னலில் நின்று எடுக்கும் படங்கள் இப்படித்தான் வருகின்றன.

கொலோனில் இதற்கு நல்லதொரு உதாரணம் மரங்களில் இருக்கிறது. ரைன் கரையிலும் பூங்காக்களிலும் கூச்சலிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் பனை மரப் பொந்துகளில் கண்ட அதே இனம். கூட்டில் இருந்து தப்பியும் விடுபட்டும் இங்கே பெருகியவை. ஜேர்மனியில் அவை வெளியில் குஞ்சு பொரித்தது முதலில் அறியப்பட்டது 1969 இல், இதே கொலோனில். பனிக்காலத்தையும் பழகிக்கொண்டு இங்கேயே குடியிருக்கின்றன. உயர்ந்த மரத்தின் கிளையில் இருக்கும் ஒரு கிளியின் கழுத்து வளையம் தெரியப் படமெடுக்க வேண்டுமென்றால், பகல் வெளிச்சத்தில் நீண்ட சூம் கொண்ட பிரிட்ஜ் கமெராவை வெல்வது கடினம். அதே தூரத்துக்கு ஏபிஎஸ்-சி கமெராவில் 400 மி.மீ. லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸ்களில் பல தனியாகவே ஒரு கிலோவுக்கு மேல் நிறுக்கும்.

அரங்கேற்றத்தில் கற்ற பாடம்

2014 இல் நான் வாங்கியது 1 அங்குலச் சென்சர் கொண்ட ஒரு பிரிட்ஜ் கமெரா. இரண்டு ஆண்டுகள் அதோடு மிக மகிழ்ச்சியாக இருந்தேன். விளையாட்டுப் போட்டி, தேர், ரைன் கரை, பள்ளிக்கூட விழா என எல்லாம் ஒரே கமெராவில்.

2016 இல் அக்காவின் மகளின் அரங்கேற்றம். மண்டபத்தின் நடுவில் இருந்து எடுத்தேன். மேடையில் மஞ்சள் வெளிச்சம். பிள்ளையின் கைகள் வேகமாகப் போகின்றன. சூம் செய்தவுடன் லென்ஸின் வாய் எஃப்/4 ஆகக் குறுகியது. அசைவை நிறுத்த நொடியின் 250 இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். அந்த வேகம் வைத்தால் ஐஎஸ்ஓ 6400 க்குப் போகிறது, முகமெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகிறது. வேகத்தைக் குறைத்தால் கைகள் கரைகின்றன. அன்று எடுத்த அறுநூறு படங்களில் அல்பத்துக்குத் தேறியது இருபது. ஏழு வயதில் தொடங்கி ஒன்பது ஆண்டு ஆடிப் பழகிய பிள்ளைக்கு மாமா கொடுத்தது அவ்வளவுதான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த மாதமே ஏபிஎஸ்-சி சென்சர் கொண்ட லென்ஸ் மாற்றும் கமெரா வாங்கினேன். அதோடு பெட்டியில் வந்த சூம் லென்ஸையே மாட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். படங்கள் முன்னதைவிடப் பெரிதாக ஒன்றும் மேலாக இல்லை. இவ்வளவு காசைக் கொட்டினேனே என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கமெரா மாற்ற நினைக்கும் எல்லோரும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கவேண்டும்.

என் பழைய பிரிட்ஜ் கமெராவின் லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/4. புதிய கமெராவோடு வந்த சூம் லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/6.3. எஃப் எண் கூடக்கூட லென்ஸின் வாய் சிறுக்கும். 4 ஐ 6.3 ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்கினால் 0.4. அதாவது புதிய லென்ஸ் சென்சரின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் அனுப்பும் ஒளி, பழையது அனுப்பியதில் பாதி கூட இல்லை. சென்சர் மூன்று மடங்கு பெரிது என்பதால் மொத்தத்தில் கிடைத்த ஒளி பழையதைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் காண்பதே அரிது.

இப்போது அதே கமெராவில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டுங்கள். சூம் இல்லாத, சிறிய, எளிமையான லென்ஸ். பெரும்பாலான நிறுவனங்களின் வரிசையில் மிக மலிவானவற்றில் இதுவும் ஒன்று. எஃப்/4 ஐ விட இது ஐந்து மடங்கு ஒளியை விடுகிறது. சென்சரின் மூன்று மடங்கோடு பெருக்கினால் பழைய கமெராவைப் போல பதினைந்து, பதினாறு மடங்கு ஒளி. ஐஎஸ்ஓ 6400 இல் எடுத்த படத்தை ஐஎஸ்ஓ 1600 க்கும் கீழே, அதுவும் பெரிய சென்சரில் எடுக்கலாம். பின்னணி மென்மையாகக் கரைந்து பிள்ளையின் முகம் மட்டும் எழுந்து நிற்கும்.

ஆக, பிரிட்ஜ் கமெராவில் இருந்து மாறுபவருக்குப் பலன் தருவது கமெரா உடம்பு அல்ல, வாய் அகன்ற லென்ஸ். பெட்டியில் வரும் சூமோடு நின்றுவிடுவதாக இருந்தால் மாறவே தேவையில்லை. உங்களிடம் ஒதுக்கிய காசு குறைவென்றால் உடம்பைப் பழையதாக வாங்கி, மிச்சத்தை லென்ஸில் போடுங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லவேண்டும். ஏபிஎஸ்-சி கமெராவில் 50 மி.மீ. லென்ஸ் நடுத்தரத் தூரத்துக்குத்தான் எட்டும். முன்வரிசையிலோ மேடையின் ஓரத்திலோ இருக்கவேண்டும். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து அரங்கேற்றத்தை நன்றாக எடுக்க 70 முதல் 200 மி.மீ. வரையான எஃப்/2.8 லென்ஸ் வேண்டும். அதன் விலை பல குடும்பங்களின் ஒரு மாத வாடகையைத் தாண்டும். நான் அதை வாங்கவில்லை. அடுத்த அரங்கேற்றத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய் முன்வரிசையில் இருந்தேன்.

விமான நிலையத்தில் இழந்த படம்

மாறியதால் வந்த நன்மையைச் சொன்னேன். கொடுத்த விலையையும் சொல்லவேண்டும்.

2017 இல் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட் விசாவில் வந்தா. பெரியம்மா 1986 இல் ஜேர்மனிக்கு வந்தவ. அக்காவும் தங்கையும் முப்பத்தொரு வருடமாக ஒருவரையொருவர் நேரில் காணவில்லை. நாங்கள் ஒரு வாகனம் நிறைய ஆட்களாக விமான நிலையத்துக்குப் போனோம். நான் கமெராவில் 50 மி.மீ. லென்ஸ் பூட்டியிருந்தேன். கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அம்மா, தூரத்தில். பெரியம்மா தடுப்புக் கம்பியைக் கடந்து ஓடத் தொடங்கிவிட்டா. இது எட்டாது என்று தெரிந்தது. குனிந்து சூம் லென்ஸை எடுத்தேன். மூடி கழற்றி, இதைக் கழற்றி, அதை மாட்டி நிமிர்ந்தபோது இருவரும் கட்டிப்பிடித்து முடிந்து, என் பக்கம் முதுகு காட்டி நின்றார்கள்.

அந்தக் கணத்தை எடுத்தவன் அக்காவின் மகன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் வேண்டாமென்று அவனிடம் கொடுத்துவிட்ட பழைய பிரிட்ஜ் கமெராவால் எடுத்தான். சூமை இழுத்தான், அமத்தினான், அவ்வளவுதான். படம் கொஞ்சம் பொரிப்பொரியாகத்தான் இருக்கிறது. இன்று பெரியம்மாவின் வரவேற்பறையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது அதுதான். பொரிப்பொரியாக இருக்கிறதென்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

லென்ஸ் மாற்றும் கமெராவில் நீங்கள் இழக்கக்கூடியவை இவை. முதலாவது, நேரம். இரண்டாவது, எடை. உடம்பு இலேசாக இருந்தாலும் இரண்டு மூன்று லென்ஸ், பை என்று சேர்ந்துவிடும். 2017 இல் வந்த சொனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாதிரி 24 முதல் 600 மி.மீ. வரையான பார்வையை 1.1 கிலோ எடையில் தருகிறது. அதே எல்லையை ஏபிஎஸ்-சி லென்ஸ்களால் நிரப்பப் போனால் அந்த எடையைப்போல் இரண்டு மடங்கு ஆகலாம். அந்தக் கமெராவும் மலிவு அல்ல. வெளிவந்தபோது ஏறக்குறைய 2,000 யூரோ. மூன்றாவது, தூசி. லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சென்சர் வெளிக்காற்றுக்குத் திறக்கிறது. ஊருக்குப் போய்ச் செம்மண் ஒழுங்கையில் நின்று லென்ஸ் மாற்றியவர்கள், திரும்பி வந்து வானத்தில் கறுப்புப் புள்ளிகளை எண்ணியிருப்பார்கள். ஒட்டிய லென்ஸ் கொண்ட கமெராவுக்குள் தூசி போவது குறைவு. ஆனால் போய்விட்டால் நீங்களாகத் துடைக்க முடியாது. திருத்துபவரிடம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கைத்தொலைபேசி எடுத்துக்கொண்ட நடுப்பகுதி

"இப்ப ஆர் மாமா கமெரா தூக்கினம், போன் காணும்தானே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. பகல் வெளிச்சம், கிட்டவுள்ள ஆட்கள், அகன்ற காட்சி, சாப்பாட்டு மேசை, குழுப்படம், இவற்றுக்கெல்லாம் போன் போதும். அசையாமல் நிற்பவர்களை இரவிலும் அது நன்றாகவே எடுக்கிறது. பல படங்களை வேகமாக எடுத்து ஒன்றாக்கும் வித்தை அதற்குத் தெரியும்.

போனால் இலகுவில் முடியாதவை இரண்டு. ஒன்று, மிகத் தூரம். மற்றது, குறைந்த வெளிச்சத்தில் வேகமாக அசைபவை. தூரத்துக்குப் பிரிட்ஜ் கமெரா, இருளில் அசைவுக்கு வாய் அகன்ற லென்ஸ் பூட்டிய பெரிய சென்சர். முன்னர் ஒரு கமெரா எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று எதிர்பார்த்தோம். இன்று நடுவில் உள்ள எல்லாவற்றையும் போன் செய்துவிடுகிறது. எனவே கமெரா வாங்கும்போது இந்த இரண்டு ஓரங்களில் உங்களுக்கு எது வேண்டும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை. உங்கள் படங்களே பதில் சொல்லும். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்த நூறு படங்களைக் கணினியில் ஒரு கோப்புறையில் போடுங்கள். ஒவ்வொன்றின் தகவலையும் திறந்தால் ஐஎஸ்ஓ எவ்வளவு, லென்ஸ் எத்தனை மி.மீ. என்று இருக்கும். பிரிட்ஜ் கமெராவில் உண்மையான நீளமும் 35 மி.மீ. அளவுக்கு மாற்றிய நீளமும் தனித்தனியே காட்டப்படலாம். மாற்றிய எண்ணைப் பாருங்கள். நூறில் பெரும்பாலானவை ஐஎஸ்ஓ 1600 க்கு மேலே, மண்டபத்துக்குள் எடுத்தவையா? லென்ஸ் மாற்றும் கமெராவும் ஒரு எஃப்/1.8 லென்ஸும் உங்கள் வாழ்க்கையை மாற்றும். பெரும்பாலானவை 200 மி.மீ. க்கு மேலே, வெளியில், பகலில் எடுத்தவையா? இருக்கும் பிரிட்ஜ் கமெராவை விற்காதீர்கள். இரண்டும் இல்லையென்றால் காசை வங்கியில் விட்டுவிடலாம். போன் போதும்.

பாவித்தது வாங்குபவர்களுக்கு

2021 இல் நான் மறுபடி ஒரு பிரிட்ஜ் கமெரா வாங்கினேன், பாவித்தது. முதுகுவலியும் ஒரு காரணம். ஐம்பதைத் தாண்டிய பலர் இதே வழியில் திரும்பி வருகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜேர்மனியில் பாவித்த கமெராவுக்கு நல்ல சந்தை உண்டு. சட்டத்தைக் கொஞ்சம் அறிந்து வைத்திருங்கள். வியாபாரியிடம் இணையம் வழியாக வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பும் உரிமை உண்டு. கடைக்கு நேரில் போய் வாங்கினால் அந்த உரிமை சட்டப்படி இல்லை, கடைக்காரர் விரும்பினால் தருவார். புதிய பொருளுக்கு விற்பவரின் சட்டப் பொறுப்பு இரண்டு ஆண்டுகள். பாவித்த பொருளுக்கு வியாபாரி அதை ஓராண்டாகக் குறைக்கலாம், ஆனால் வாங்குபவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லி உடன்பாடு பெறவேண்டும். தனி ஆளிடம் வாங்கினால் அவர் பொறுப்பை முழுவதுமாக விலக்கிவிடலாம். பெரும்பாலும் விளம்பரத்தின் அடியிலேயே அப்படி எழுதியிருப்பார்கள். அதனால் தனி ஆளிடம் வாங்கும்போது நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பிரிட்ஜ் கமெராவில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் குழாய். முழுவதும் நீட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள். கூடுதலாக ஆடக்கூடாது. வெள்ளைச் சுவரை அகன்ற முனையிலும் நீண்ட முனையிலும் எடுத்து, படத்தைப் பெருப்பித்துப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். இங்கே லென்ஸ் கெட்டால் கமெராவே கெட்டதுதான். லென்ஸ் மாற்றும் கமெராவில் அந்தப் பயம் இல்லை. உடம்பு பழுதானாலும் லென்ஸ் மிஞ்சும். நல்ல லென்ஸ் இரண்டு மூன்று உடம்புகளைக் கண்டுவிடும். அதனால் பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு கைவிளக்கை உள்ளே அடித்து, சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

இன்று என்னிடம் இரண்டும் இருக்கின்றன. லென்ஸ் மாற்றும் கமெராவில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று எப்போதும் பூட்டியபடியே இருக்கும். அதை மண்டபத்தில் வைத்து மாற்றுவதில்லை. பிரிட்ஜ் கமெரா தேருக்கும் கிளிக்கும் பயணத்துக்கும். விமான நிலையத்துக்கும்தான்.

கடைசியாக ஒன்று

கொலோனில் வாழ்ந்த ஒளிப்படக்காரர் ஓகஸ்ட் ஸாண்டர், விவசாயி, மேசன், ஆசிரியர், பிச்சைக்காரர் என இந்த நாட்டு மக்களின் முகங்களைப் பெரிய தட்டுக் கமெராவால் பல பத்தாண்டுகள் படமெடுத்தவர். அவற்றில் அறுபது படங்கள் 1929 இல் நூலாக வந்தன. போர்க்காலத்தில் அவருடைய கொலோன் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. முக்கியமான நெகற்றிவ்களை அவர் முன்னதாகவே வெஸ்டர்வால்ட் பகுதிக் கிராமமொன்றுக்குக் கொண்டுபோயிருந்தார். நிலவறையில் விட்டுவந்த 25,000 முதல் 30,000 வரையான நெகற்றிவ்கள் குண்டுகளுக்குத் தப்பின. ஆனால் போர் முடிந்தபின், 1946 இல் பிடித்த தீயில் அழிந்தன. கிராமத்துக்குப் போனவை பிழைத்தன. அவருடைய சேகரிப்பு இன்று கொலோன் மீடியாபார்க்கில் பாதுகாக்கப்படுகிறது. போய்ப் பார்க்கலாம்.

எரிந்த நூலகத்தையும் விட்டுவந்த அல்பங்களையும் கொண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் கமெராவால் எடுத்தாலும் படங்களின் இரண்டு பிரதிகளையாவது வேறு வேறு வீடுகளில் வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது அக்காவிடமோ தம்பியிடமோ. ஆண்டுக்கு ஐம்பது படங்களைக் கடதாசியில் அச்சடித்து, பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். நாற்பது வருடம் கழித்து அந்தப் படத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை அது எந்த லென்ஸால் எடுத்தது என்று கேட்காது. இது ஆர் என்றுதான் கேட்கும். அதற்குப் பதில் அந்தப் படத்தின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.